மீனுக்காக வரி வாங்கியவர்

நிலத்துக்கு வரி வாங்கியவர்கள் உண்டு. உப்புக்கு வாங்கியவர்கள் உண்டு. கள்ளுக்கு வாங்காத சர்க்காரே கிடையாது. ஆனால் மீன் பிடிக்கிறவனிடம் வரி வாங்கி, அதை மீனுக்கே கொண்டுபோய்ச் செலவழித்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் பாகூர் ஏரிக்கரைச் சுங்கம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, யாருக்கும் தெரியாது. சோரியாங்குப்பத்து எல்லைச் சுங்கச் சாவடியில் சேவகராக இருந்து ஓய்வு பெற்றவர். வழியில் மூங்கில் கம்பை இறக்குவதும் தூக்குவதும்தான் அவருடைய உத்தியோகம். உத்தியோகம் முடிந்தது, கை அடங்கவில்லை. மனைவி சந்தைக் கூடையோடு வீட்டுக்குள் நுழைந்தால் வாசலில் கையை நீட்டி மறிப்பார்.

"உள்ள இன்னா கீது?"

"உன் தலை கீது. இறக்கி வச்சுப் பாரு."

நிஜமாகவே இறக்கி வைத்துப் பார்ப்பார். கத்தரிக்காயைக்கூட ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அந்த அம்மாள் ஒரு நாள், "போய் அந்த ஏரியில இருக்கிற மீன மறியேன்யா!" என்று கத்தினாள். மறுநாள் காலை ஏரிக்கரைப் பாதையில் குறுக்கே ஒரு மூங்கில் கம்பு விழுந்திருந்தது.

எங்கள் பக்கத்து நிலவரம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சு ஊர்களும் இங்கிலீஷ் ஊர்களும் இங்கே கம்பும் கேழ்வரகும் கலந்து விதைத்த மாதிரி கிடக்கின்றன. மாட்டைத் தேடிப் போகிறவன் மத்தியானத்துக்குள் இரண்டு ராஜ்ஜியம் பார்த்துவிட்டு வருவான். ஆகவே வழியில் குறுக்கே ஒரு மூங்கில் கிடந்தால் நாங்கள் நின்றுவிடுவோம். மடியை அவிழ்த்துக் காட்டுவோம். அது யார் போட்ட மூங்கில் என்று கேட்கும் பழக்கம் எங்கள் பரம்பரைக்கே கிடையாது. பிரெஞ்சுச் சேவகன் அதை இங்கிலீஷ்காரன் கம்பு என்று நினைத்தான். இங்கிலீஷ் சேவகன் பிரெஞ்சுக்காரன் கம்பு என்று நினைத்துச் சலாம் போட்டுவிட்டுப் போனான்.

சுங்கம் போட்ட வரி காசு அல்ல. ஏரியின் நடுவில் ஒரு மடு இருக்கிறது. கோடையில் ஏரி முழுவதும் வெடித்துக் கிடக்கும்போது அந்தப் பள்ளத்தில்தான் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அடுத்த மழைக்கு விதையாக வேண்டிய மீனெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். ஆகவே தண்ணீர் நிறைந்த மாதங்களில் தூண்டில்காரனும் தோணிக்காரனும் ஆளுக்கு ஒரு கட்டு முள் வெட்டி வந்து மடுவில் அமிழ்த்த வேண்டும். முள் கிடந்தால் யாரும் வலை வீச முடியாது. தண்ணீர் வற்றிய மாதங்களில் மடுவின் ஓரத்திலிருந்து ஒரு கூடை சேறு அள்ளிக் கரையில் கொட்ட வேண்டும். பள்ளம் ஆழமாகும். சினை மீன் சிக்கினால் உயிரோடு திரும்ப விட வேண்டும். தண்ணீர் வற்றினால் முள்ளை இழுத்தெறிந்துவிடலாம்; ஆகவே கோடையில் வலையோடு எவனும் கம்பைத் தாண்டக் கூடாது. இதுதான் சட்டம்.

அதிகம் முணுமுணுத்தவர் வண்டிக்கார முனுசாமி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தூண்டிலோடு வருவார்.

"இன்னாயா அநியாயம் இது? நாலு கெளுத்திக்கு ஒரு கூடை சேறா?"

"சர்க்கார் கேக்குது. போடு."

"எந்தச் சர்க்காருய்யா சேறு தின்னுது?"

"பேசினீனா ரெண்டு கூடை."

முனுசாமி ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டே நடப்பார். வருஷக்கணக்காக நடந்தார்.

இதற்கெல்லாம் காரணம் ஜீவகாருண்யம் என்று நினைத்துவிடாதீர்கள். சுங்கத்துக்குத் தூண்டில் பைத்தியம். பொழுது சாயும்வரை கரையில் உட்கார்ந்திருப்பார்; ஒரு மீனும் கடிக்காது. பக்கத்தில் இருப்பவன் கூடை நிரம்பும், இவர் தக்கை அசையாது. ஒரு தடவை நான் காரணம் கேட்டேன்.

"தம்பி, மீனு நெறைய இருக்கிற ஏரியில ஒண்ணும் படலன்னா அது வெளையாட்டு. மீனே இல்லாத ஏரியில குந்திகினு இருந்தா பைத்தியம்பானுங்க. எனக்கு ஏரி நெறைய மீனு வேணும்."

அவருடைய ராஜ்ஜியம் கவிழ்ந்தது எதிரியால் அல்ல, ஒரு ரசிகரால். புதுச்சேரி வக்கீல் ஒருவர் ஏரியில் உல்லாசமாகப் போக வர்ணம் அடித்த படகு ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சுங்கம் கம்பை இறக்கினார்.

"இது இன்னா, கப்பலா?"

"படகய்யா. சும்மா காத்து வாங்க."

"காத்து வாங்கறதுக்கா? அப்போ ரெண்டு கட்டு முள்ளு."

பட்டுச் சட்டை கிழியக் கிழிய வக்கீல் முள் சுமந்தார். வரியின் நோக்கத்தைக் கேட்டதும் மனம் நெகிழ்ந்துபோனார். அடுத்த மாதம் ஒரு விருந்தில் எங்கள் கொம்யூன் என்கிற பிரெஞ்சு ஊராட்சியின் தலைவர் மேரைக் கண்டு கையைப் பிடித்துக் குலுக்கி, "மீன் பிடிக்கிறவனை வைத்தே மீனைக் காப்பாற்றுகிறீர்களே! எப்பேர்ப்பட்ட வரி!" என்று புகழ்ந்திருக்கிறார். மேர் தலை குனிந்து அடக்கமாகப் புகழை வாங்கிக்கொண்டார். மறுநாள் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்ததும், "இப்படி ஒரு வரி நாம எப்போ போட்டோம்?" என்றார்.

அந்த ஆபீசில் நான் புதுக் குமாஸ்தா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே உத்தரவு என்றால் எனக்குப் பக்தி அதிகம். பழைய தாள்களையெல்லாம் மாதக்கணக்கில் புரட்டிப் பார்த்துவிட்டு, இல்லாத வரியை வாங்குவது குற்றம், கம்பை எடுத்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

அது மழை பொய்த்த வருஷம். சித்திரை வெயிலில் ஏரி முழுக்க மண்ணாகி, மடு மட்டும் ஒரு கண் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. சுங்கம் என்னையும் மறித்தார்.

"கையில இன்னா?"

"ஐயா, தாங்கள் அனுமதியின்றி நிறுவியுள்ள இத்தடையை அகற்றுமாறு உத்தரவு."

"தமிழ்ல சொல்லு தம்பி."

"கம்ப எடுக்கச் சொல்லிட்டாங்க."

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். வாழ்நாள் முழுவதும் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட மனிதர். தாமே கயிற்றை அவிழ்த்து, கம்பைத் தோளில் தூக்கி, என் கையில் கொடுத்தார். பிறகு மடுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம வருவானுங்க. வலயோட. ஒரு குஞ்சு மிஞ்சாது. மழை வந்தாலும் ஏரியில தண்ணிதான் இருக்கும்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து வாசலில் அவர் மனைவியைக்கூட மறிக்கவில்லையாம். அந்த அம்மாள் பயந்துபோய், "கூடைய ஒரு தடவ பாரேன்யா" என்று தானே கொண்டுவந்து நீட்டினாளாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் கரைக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை, உட்கார முடியவில்லை, போனேன். கம்பை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஊரே வலையும் கூடையுமாக வந்தது. வந்து, கம்பு இருந்த இடத்தில் நின்றது. கம்பு இல்லை. தாண்டலாமா கூடாதா என்று ஒருவருக்கும் புரியவில்லை. முன்னால் நின்றவர்கள் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார்கள்.

விஷயத்தை நான் சொன்னேன். முனுசாமி வெடித்தார்.

"அப்போ அந்த ஆளு சர்க்காரே இல்லியா? இத்தினி வருஷம் யாருக்குடா நான் சேறு சுமந்தேன்?"

வலைக்காரர்கள் சிரித்துக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். மடுவின் ஓரத்தில் எல்லோரும் நின்றோம். தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருந்தது. அத்தனை மீன். கெண்டையும் விராலும் ஒன்றன் முதுகில் ஒன்று உரசிக்கொண்டு புரண்டன. அக்கம்பக்கத்து ஏரி எதிலும் அந்த வருஷம் ஒரு தவளைகூட மிஞ்சவில்லை.

ஒருவன் வலையை உதறினான். முனுசாமி அவன் கையைப் பிடித்தார்.

"எங்கடா போற?"

"கம்புதான் இல்லியே மாமா!"

"கம்பு இல்லன்னா? இந்தப் பள்ளம் யாரு வெட்டினது? சுங்கமா வெட்டினான்? நான் வெட்டினேன்டா. எம்மா முதுகுவலி தெரியுமா? நீ ஒரு கூடை சுமந்திருப்பியாடா? இந்த மீனு ஒவ்வொண்ணும் என் முதுகுல நின்னுது. தொடு பாக்கலாம்!"

"நானும் முள்ளு போட்டிருக்கேன்" என்றார் ஒரு தோணிக்காரர். "நானும்" என்றது வேறொரு குரல். திட்டிக்கொண்டே வரி கட்டியவர்கள் அத்தனை பேரும் மடுவைச் சுற்றி நின்றுகொண்டார்கள். சும்மா வந்தவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டார்கள். மழை வரும்வரை முறை வைத்துக் காவல் இருந்ததும் இவர்கள்தான். அடுத்த போகம் வருகிறவரை எங்கள் வீட்டுக் குதிரில் நெல் இல்லை. ஆனால் மழைக்குப் பின் சட்டியில் மீன் இல்லாத நாள் கிடையாது. வயிறார உண்டவன் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஓடிப்போய்ச் சுங்கத்திடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. தைரியத்துக்குத் தூண்டிலை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். கரையில் முனுசாமி இரண்டு கையையும் விரித்து வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"யோவ் சுங்கம், தூண்டிலோட எங்க கெளம்பிட்ட? கூடை எங்க? இத்தினி வருஷத்துல நீ ஒரு கூடை போட்டிருக்கியா?"

சுங்கம் யோசித்துப் பார்த்தார். இல்லை. ஒரு கூடைகூட இல்லை.

தூண்டிலைக் கீழே வைத்தார். மடுவில் இறங்கினார். அங்கே கிடந்த ஒரு கூடையில் தளும்பத் தளும்பச் சேற்றை நிரப்பினார். கொம்யூன் ஆபீசில் எத்தனையோ பேர் வரி கட்டுவதைப் பார்க்கிறேன்; முகமெல்லாம் சிரிப்பும் கண்ணெல்லாம் தண்ணீருமாக வரி கட்டியவரை அன்று ஒரு நாள்தான் பார்த்தேன். கூடை கனமாக இருந்தது. குனிந்து அவர் தலைக்குத் தூக்கிவிட்டது இந்தக் கைதான்.