சீனக்காரம் கூடிப்போன தொட்டி

மூதூர்,
14.02.1969.

அன்பும் அறிவும் நிறைந்த மச்சான் கலீலுர் றஹ்மான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் உடன்பிறந்த லாத்தா உம்மு குல்சுமும் மகள் அசனாவும் நலம். கண்டிக் குளிரில் நீங்களும், உங்களிடம் இரசாயனம் படிக்கும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க அல்லாஹ் துணை. எங்கள் வீட்டுத் தண்ணீர் மட்டும்தான் இவ்வளவு நாளும் நலமில்லாமல் கிடந்தது. அதை எழுதத்தான் இந்தக் கடதாசி.

மாவலி கங்கை பெருகி ஊருக்குள் வந்து போனதிலிருந்து கிணறு பால் விட்ட தேத்தண்ணீர் நிறத்தில் கிடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் கிண்ணியா அலியார் காக்கா, தன் மகன் ஜெமீலுக்கு அசனாவைக் கேட்டு, வீடு பார்க்க வியாழக்கிழமை வருவதாக ஆள் அனுப்பினார். மாப்பிள்ளை வந்து இருக்கப்போகும் வீட்டைப் பார்க்காமல் எவர் திகதி குறிப்பார்? ஆனால் மனிதர் சாதாரண ஆள் இல்லை. துறைமுகத்தில் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் ஏற்றுகிற பகுதியில் முப்பது வருஷம் இருந்தவர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் கதிரையில் இருப்பார். தண்ணீர் பிடிக்காமல் ஏற்கனவே இரண்டு சம்பந்தம் வேண்டாமென்று எழும்பி வந்தவர். அதனால்தான் அவசரமாக உங்களுக்கு எழுதிக் கேட்டேன்.

நீங்களும் உடனே பதில் போட்டீர்கள். மண் துகள்கள் எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு அடியில் இறங்காமல் அலைகின்றன, சீனக்காரம் என்கிற படிகாரக் கல்லைப் போட்டால் எதிரேற்றம் வந்து அந்தத் தள்ளுதலை நிறுத்தும், பிறகு அவை தாமாகவே கூடித் திரண்டு இறங்கிவிடும், எவரும் பிடித்துச் சேர்க்கத் தேவையில்லை, தொட்டிக்கு மூன்று அவுன்ஸ் போதும் என்று. அதைக் குசினி வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சத்தமாக வாசித்தேன். நான் விட்ட பிழை அதுதான். திங்கட்கிழமை தொட்டியை நிரப்பி, தராசில் நிறுத்து மூன்று அவுன்ஸ் போட்டேன். தம்பி சொன்ன மருந்து கொஞ்சம் கூடினால் என்ன என்று உங்கள் லாத்தா சுபஹு தொழுதுவிட்டு வந்து எனக்குத் தெரியாமல் ஒரு கை போட்டிருக்கிறார். மருமகளின் கலியாணக் காரியம் என்று அடுத்த வளவிலிருந்து என் தங்கச்சி மைமூனா, வேலிக்கு மேலால் சவர்க்காரக் கட்டி அளவில் ஒன்றை எறிந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை பார்த்தால் தண்ணீர் முந்தியதை விட வெளிறிக் கலங்கி நின்றது. நான் இன்னொரு மூன்று அவுன்ஸ் போட்டேன். மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. புதன்கிழமை ஆட்டுக்குக் கொஞ்சம் வைத்தேன். அது ஒரு வாய் குடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத ஏலாது.

"உங்கட தம்பிட படிப்பு இவ்வளவுதானா?" என்று உங்கள் லாத்தாவிடம் கேட்டுவிட்டேன்.

"என்ட தம்பிய ஒண்டும் சொல்லாதீங்க! உங்களுக்கு நிறுக்கத் தெரியா!"

துறைமுக ஸ்டோரில் இருபத்தெட்டு வருஷம் நிறுத்தவனைப் பார்த்து, மச்சான்! கோபத்தில் உங்கள் கடதாசியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டியபோதுதான் அதற்கு மறுபக்கம் இருப்பதைக் கண்டேன். வழமைபோல் சலாம் விசாரிப்புகள்தான் என்று விட்டிருந்தேன். 'கவனம், அளவு மிஞ்சினால் மண்ணின் ஏற்றமே மறுபுறம் மாறிவிடும், துகள்கள் திரும்பவும் ஒன்றை ஒன்று தள்ளும், தண்ணீர் தெளியவே தெளியாது' என்று அங்கே எழுதியிருந்தீர்கள். இப்படிப்பட்ட விஷயத்தை முன்பக்கத்தில் எழுதினால் என்ன? அப்போது வியாழன் காலை ஏழு மணி. விருந்தாட்கள் பகலுக்கு வருகிறார்கள். தொட்டியை இறைத்துக் கழுவி நிரப்ப ஒரு பகல் வேண்டும்.

அந்த நேரத்தில் அடுப்படி மெழுக வந்த பாக்கியரத்தினம் மேசன், ஒரு வாளி களிமண்ணைக் கரைத்துத் தொட்டிக் கட்டின்மேல் வைத்தார். வாளி சரிந்து அப்படியே உள்ளே போய்விட்டது.

"அண்ணை, பயப்படாதேங்கோ, நான் இறங்கி எடுத்துத் தாறன்."

"இனி எடுத்து என்னடாப்பா, கலியாணமே போச்சு!"

பத்து மணிக்கு உங்கள் லாத்தா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் தொட்டியின் அடியில் வாளியின் பிடி தெரிகிறது. மிஞ்சி நின்ற சீனக்காரத்துக்குப் புது மண் கிடைத்துவிட்டது. இரண்டும் கூடித் திரண்டு இறங்கிவிட்டன. அழுக்குத்தான் தண்ணீரைத் தெளிய வைத்தது என்றால் ஊரில் எவன் நம்புவான்? அலியார் காக்கா வந்தார், கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தார், குடித்தார், இன்னொன்று கேட்டார். "இதக் கப்பலுக்கே குடுக்கலாம்" என்றார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து எட்டாம் நாள் நிக்காஹ். நீங்கள் சொன்னது சரி, மச்சான். சேர வேண்டியவை தாமாகவே சேரும்.

நீங்கள் குடும்பத்தோடு ஒரு கிழமை முந்தி வந்து நிற்கவேண்டும். உங்கள் ஆயுளிலும் கல்வியிலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
அபூதாஹிர்.

பி.கு.: ஒட்டுமுன் இதை அசனாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழத் தொடங்கிவிட்டாள். "வாப்பா, மாமாட கடதாசிட மறுபக்கத்த அது வந்த அண்டைக்கே நான் வாசிச்சிட்டன். ஒவ்வொரு நாளும் ஒரு றாத்தல் சீனக்காரம் போட்டது நான்தான்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "அந்த மாப்பிள்ளைல ஒரு பிழையுமில்ல. எனக்கு மாமா மாதிரிப் படிப்பிக்கப் போகணும். வேணாமெண்டு உங்களுக்குச் சொல்ல வாய் வரல்ல. தண்ணி சொல்லட்டும் எண்டு இருந்தன்." மச்சான், நாலு நாளாக இந்தத் தொட்டியைச் சுற்றி நின்று எல்லோரிடமும் கேள்வி கேட்டேன். பெத்த பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாளைக் காலை கிண்ணியாவுக்குப் போய், குறை என்னிலதான் என்று அலியார் காக்காவிடம் சொல்லிவிட்டு வருகிறேன். பெருநாளுக்கு வாருங்கள், நிக்காஹ் இல்லை. வரும்போது ஆசிரியர் கலாசாலை விண்ணப்பப் பத்திரம் ஒன்று கொண்டு வாருங்கள். இரண்டு பக்கமும் வாசித்துக் கையொப்பம் வைக்கிறேன்.