கதவு திறந்தபோது சொன்னது

முதல் நாள் கேற்றடியில் இருந்தோர்: கேதீஸ்வரன், அவனுடைய பாய், ஒரு குடை, ஒரு போத்தல் தண்ணீர், கதிரவேலுவின் நாய். இவர்களில் அந்த இடத்தில் இருக்க உரிமை உள்ளது நாய்க்கு மட்டும்.

“அண்ணை, அந்த வசனத்தைச் சொல்லும்வரைக்கும் நான் சாப்பிடமாட்டன்,” என்றான் கேதீஸ்வரன்.

கதிரவேலு கேற்றுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “நல்லது. நானும் இண்டையிலையிருந்து சாப்பிடேல்லை.”

“நீங்கள் ஏன்?”

“கந்தசஷ்டியெல்லே தொடங்கீட்டுது.”

கேதீஸ்வரன் உரும்பிராயில் பிறந்தவன்தான். ஆனால் கோயில் பக்கம் போய்ப் பல வருடங்கள். அச்சகத்தில் புரூவ் பார்க்கிறவனுக்குக் கலண்டர் என்பது பிழை திருத்தி அனுப்புகிற ஒரு பொருள். அதைப் பார்த்து அவன் நாள் குறிப்பதில்லை.

கதிரவேலுவின் மாமனார் நாகமுத்து மாஸ்டர். அவருடைய ஒழுங்கை ஆட்களைச் சாதி சொல்லி ஊர்க் கோயிலுக்குள் விடாத காலத்தில், பூட்டிய வாசலில் நாட்கணக்காகப் பட்டினியாக இருந்தவர். கத்தவில்லை, கல்லெறியவில்லை. கடைசியில் கதவு திறந்தது. அப்போது அவர் ஒரு வசனம் சொன்னாராம். அதற்குப் பிறகு ஊர் அவரைத் தலைவர் என்றது. தேநீர்க்கடைகளில் எல்லோருக்கும் ஒரே கிளாஸ் வேண்டும் என்று போய் இருந்தார். அடித்தார்கள். திருப்பி அடிக்காமல், சாகும்வரை பேசினார், எழுதினார்.

அந்த எழுத்துகளையும் பேச்சுகளையும் கேதீஸ்வரன் தேடித் தொகுத்துவிட்டான். முதல் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. அது அந்த வசனத்துக்கான பக்கம். வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் போய்விட்டது. இந்தக் கிழமைக்குள் வசனம் வராவிட்டால் வெறும் பக்கத்தோடு அடிப்பேன் என்று அச்சகக்காரர் சொல்லிவிட்டார்.

கேதீஸ்வரனுக்கு விழா பெரிதில்லை. பூட்டிய கதவு திறந்ததும் ஒரு மனிதன் என்ன சொல்லியிருப்பான்? நன்றியா? சாபமா? அதைத் தெரியாமல் அவனால் இருக்க முடியவில்லை. கதிரவேலுவுக்குத் தெரியும். கேட்டால், “அது புத்தகத்துக்குச் சரிவராது,” என்று மட்டும் சொல்வார். ஆகவே மாஸ்டர் வழியிலேயே மாஸ்டரின் மருமகனை மடக்க வந்திருந்தான்.

மறுநாள் காலை கோயிலால் வந்த அயல்வீட்டுப் பத்மாவதி பாய்க்கு முன்னால் நின்றார்.

“தம்பி, மிளகும் தண்ணியுமோ, பாலும் பழமுமோ?”

“இது விரதமில்லை, அக்கா. போராட்டம்.”

“ஓம், பசியோடை போராட்டம்தான். எனக்கும் ரெண்டாம் நாள்தான் கஷ்டம்,” என்று அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனார்.

கேதீஸ்வரன் காட்போட் மட்டையில் ‘சாகும்வரை உண்ணாவிரதம்’ என்று எழுதிக் கேற்றில் தொங்கவிட்டான். பின்னேரம் ஏழெட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள்.

“சாகும்வரையாம், பாரணைச் சாப்பாடும் இல்லையாமடி. என்ன கடும் விரதம்.”

ஒருத்தி மட்டைக்குச் செவ்வரத்தம்பூ மாலை போட்டாள். இன்னொருத்தி மகனின் சோதனை முடிவு நல்லபடி வரவேண்டும் என்று கேதீஸ்வரனின் காலைத் தொட்டாள்.

நண்பன் வாகீசன் மோட்டார்சைக்கிளில் வந்து நிலைமையைக் கேட்டான். யோசித்துவிட்டுச் சொன்னான்: “ஒரு முட்டை றோல் சாப்பிடு, மச்சான்.”

“சாப்பிட்டா உண்ணாவிரதம் முறிஞ்சிடும்.”

“சாப்பிடாட்டி அது சஷ்டி.”

கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். றோலை முன்னால் வைப்பது, சாப்பிடாமல் இருப்பது. விரதக்காரன் முன்னால் முட்டை இருக்காது. அப்போதாவது சனத்துக்கு விளங்கும்.

வாகீசன் போய்ப் பத்து நிமிடத்தில் நாய் றோலைத் தின்றுவிட்டது. வெறும் தட்டையும் கடதாசியையும் பத்மாவதிதான் முதலில் கண்டார்.

“சஷ்டியிலை முட்டை றோல். அதுவும் மாலை போட்ட பிறகு.”

“நாய் திண்டது, அக்கா.”

“நாயிலை பழியைப் போடாதையும். அது இந்த வீட்டு நாய். சைவம்.”

மாலையைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

போராட்டம் என்று இனி எப்படித்தான் காட்டுவது? கேதீஸ்வரன் புரூவ் கட்டைப் பிரித்து மாஸ்டரின் பேச்சுகளை உரத்து வாசிக்கத் தொடங்கினான். “எங்கள் தாகத்துக்கும் உங்கள் தாகத்துக்கும் ஒரே கிணறுதான்.” கோயிலால் வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருந்தார்கள். அவன் ஒரு வசனம் வாசிக்க, புராணப் படிப்பில் செய்வதுபோல பத்மாவதி அதற்குப் பயன், அதாவது பொருள், சொன்னார்.

“கிணறு எண்டது இஞ்சை முருகன்ரை அருள்.”

“கிணறு எண்டது கிணறுதான், அக்கா. அள்ள விடேல்லை.”

“நீர் வாசியும். பயன் சொல்லுறது நான். றோல் திண்டதுக்கு இது பிராயச்சித்தம்.”

கதிரவேலு உள்ளே கதிரை போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் இளகியிருந்தது. வசனத்தை மட்டும் சொல்லவில்லை.

சஷ்டியின் கடைசி நாள், சூரன்போர் அன்று பின்னேரம் ஒழுங்கை காலியாகிவிட்டது. கதிரவேலு வேட்டி சால்வையோடு அவனைக் கடந்து போனார். கேதீஸ்வரனுக்குத் தலை சுற்றியது. இந்த இரவோடு பக்கம் வெறுமையாக அச்சேறிவிடும்.

கேற் திறந்தது. கதிரவேலுவின் மனைவி இராசமலர், மாஸ்டரின் ஒரே மகள், அர்ச்சனைத் தட்டோடு வந்தார்.

“எழும்பும் தம்பி. நான் சொல்லுறன். இவர்தான் விடுறேல்லை. புத்தகத்திலை வந்தா அப்பான்ரை மரியாதை போயிடும் எண்டு பயம்.”

“நீங்கள் கேட்டனீங்களோ?”

“அப்பான்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். எனக்கு அப்ப நாலு வயசு.”

“கடுமையாக் கதைச்சவரோ?”

“அவசரமாக் கதைச்சவர்.”

கேதீஸ்வரன் பேனையைத் திறந்தான். தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. இராசமலர் கேற்றைச் சாத்திப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். நடந்தபடியே சொன்னார்:

“‘சஷ்டி பிடிச்சனான், கொஞ்சம் தள்ளுங்கோ, சூரன்போர் முடியப்போகுது.’”