நான் அழித்த மூன்று வரிகள்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐவரின் பள்ளிச் சட்டையிலும் ஒரு கறையைக் காட்டிவிட முடியாது. (காட்டுகிறேன் என்று வந்த பக்கத்து வீட்டுக்காரியோடு இரண்டு வருஷம் பேசவில்லை.) படித்தது இரண்டாம் வகுப்பு வரைதான். எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்; அவசரம் ஒன்றுமில்லை.

கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேத்தி தாரணிக்குப் பத்து வயது. பள்ளியில் கணிதப் போட்டிக்கு நான்கு பேரைச் சேர்க்கப் போகிறார்களாம். அதில் ஓர் இடம் வேண்டுமென்று பிள்ளை சோறுகூட ஒழுங்காகத் தின்னவில்லை. டீச்சர் கொடுத்த கணக்கைச் சரியாகச் செய்துகொண்டு போனால் இடம் உண்டு.

கணக்கு இதுதான்: பார்க்கிங்கில் காரும் மோட்டார் சைக்கிளும் சேர்த்துப் பதினைந்து. டயர் நாற்பத்திரண்டு. கார் எத்தனை?

"ஸ்பேர் டயரைச் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டினவர். ஸ்பேர் டயர் இல்லாததை நான் வண்டி என்றே மதிப்பதில்லை.

"ஐயோ பாட்டி, ரோட்டுல ஓடுற டயர் மட்டும் லா!"

கார் ஐந்து என்று போட்டுப் பார்த்தாள். டயர் நாற்பதுதான் வந்தது. எட்டு என்று போட்டாள், நாற்பத்தாறு, கூடிப்போனது. ஏழு போட்டாள், நாற்பத்துநான்கு. ஆறு போட்டதும் சொல்லி வைத்தாற்போல நாற்பத்திரண்டு. "கார் ஆறு, மோட்டார் ஒன்பது!" என்று குதித்துக்கொண்டே குளிக்கப் போனாள்.

நோட்டைப் பார்த்தேன். சரியான வரிக்கு மேலே மூன்று தப்பு வரிகள், பக்கத்தில் பெரிய பெரிய தப்புக் குறிகள். என் பேத்தி நோட்டிலா? ரப்பரை எடுத்து மூன்றையும் தேய்த்து, வெள்ளை வெளேரென்று ஆக்கிப் பையில் வைத்தேன். (பெருமை தாங்காமல் ஒரு டீயும் போட்டுக் குடித்தேன்.)

மறுநாள் மதியம் அழுதுகொண்டு வந்தாள்.

"டீச்சர் நம்பல பாட்டி! விடை மட்டும் இருக்கு, யாரப் பாத்து எழுதுனன்னு கேட்டாங்க. தப்பாப் போட்டதையும் காட்டணும். ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துக் கண்டுபிடிக்கிறதுதான் கணக்கே!"

தப்பைக் காட்டினால் மார்க்கா? என் காலத்தில் பிரம்படிதான் கிடைக்கும்.

அடுத்த நாள் பட்டுச்சேலை கட்டி, டாக்சி பிடித்துப் பள்ளிக்கு, அவள் வகுப்புக்கே போனேன். "டீச்சர், நான்தான் அழிச்சேன். புள்ள மேல குத்தமில்ல."

டீச்சர் சின்னப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள், ஆனால் நம்பவில்லை. "உட்காருங்க பாட்டி. அவளே போர்டுல வேற ஒண்ணு போட்டுக் காட்டட்டும்."

நாற்காலியும் முக்காலியும் மொத்தம் பத்து, கால் முப்பத்தாறு. தாரணி முதலில் நாற்காலி ஐந்து என்று எழுதினாள். கால் முப்பத்தைந்து வந்தது. அவளே பக்கத்தில் ஒரு தப்புக் குறி போட்டாள். முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! எப்போது எழுந்தேனோ தெரியாது. "தப்பு! அழி, அழி!" என்று கத்திக்கொண்டே போய், பட்டு முந்தானையால் போர்டைத் துடைத்துவிட்டேன்.

வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. தாரணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, "போதும் பாட்டி, நம்புறேன்! யார் அழிச்சதுன்னு நல்லாவே தெரிஞ்சிருச்சி" என்றாள். என்னைக் கைப்பிடித்து உட்கார வைத்தாள். தாரணி தப்பு வரியைத் திரும்ப எழுதி, அதன் கீழே ஆறு என்று போட்டுச் சரியாக முடித்தாள். அதுவரை நான் என் கைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். இடம் கிடைத்துவிட்டது.

இப்போதும் மருமகன் காரைக் கோணலாக நிறுத்தினால், மாடியிலிருந்து தாரணி "தப்பு! அழி, அழி!" என்று கத்துவாள். செலாயாங்கிலிருந்து வரும் என் மூத்தவனோ, வாசலிலேயே ஒரு ரப்பரை என் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான்.

"தாரணி, இங்க வாடி கண்ணு. நான் எழுதின இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டு. கோடு போட்டு அடிச்சிருக்கேனே, அதையும் விடாமப் படி. ஒண்ணையும் அழிக்கல."