குளத்தார் வெட்டிய குளம்

“வரைபடக் குளம் கிடைக்கவில்லை” என்று திரையில் எழுதிவிட்டுச் சும்மா இருந்தது சர்வர்.

கட்டட வரைபட ஆபீசின் கம்ப்யூட்டர் மேனேஜர் லீவு முடிந்து அன்றைக்குத்தான் வந்திருந்தார். பல டிஸ்க்குகளை ஒரே சேமிப்புக் குளமாக்கி, ஓயாமல் அதைப் பற்றியே பேசுவதால் ஆபீசில் அவருக்குக் குளத்தார் என்று பெயர். பத்து மணிக்குப் பெரிய வாடிக்கையாளர் வருகிறார். வரைபடம் திறக்காவிட்டால் லீவை ஆயுளுக்கும் நீட்டித்துத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். குளத்தார் பின்படிக்கட்டு வழியாக நேரே சர்வர் அறைக்கே ஓடி வந்துவிட்டார்.

எந்த டிஸ்க் எந்தக் குளத்தைச் சேர்ந்தது என்று சர்வர் ஒரு கேஷ் கோப்பில் குறித்து வைத்திருக்கும். எழுந்ததும் ஊரெல்லாம் தேடாது. குறிப்பைப் பார்த்து நேரே போய்க் கதவைத் தட்டும்.

“பழைய குறிப்பை வெச்சுக்கிட்டு இல்லாத வீட்டைத் தட்டறியா, மக்கு!”

குளத்தார் கோப்பை அழித்துவிட்டு சர்வரை மறுபடி எழுப்பினார்.

முன்பு ஒரு குளம்தான் கிடைக்கவில்லை. இப்போது குளமா, அப்படியென்றால் என்ன என்று விழித்தது.

புதிதாகச் சேர்ந்தவள் போலிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். “சார், எங்க ஸ்கிரீன் எல்லாம் திடீர்னு காலியாயிடுச்சு. உள்ள ஆள் காத்திருக்காரு.”

“அதுக்குள்ள வந்துட்டாரா! அஞ்சு நிமிஷம்மா. அதுவரைக்கும் பேச்சுக் கொடுங்க.”

“அவரால பேச முடியாது சார்.”

“அவ்வளவு கோபமா?”

குளத்தார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, டிஸ்க்குகளைத் துழாவச் சொல்லி சர்வருக்குக் கட்டளை கொடுத்தார். முன்பின் தெரியாத குளம் ஒன்று இருப்பதாக சர்வர் தயங்கித் தயங்கிச் சொன்னது.

“பத்து நாள் லீவு போட்டா கண்டவன் குளம் வெட்டிடறான்!” என்று அதைத் தூர்த்து, அதே இடத்தில் புதுக் குளம் வெட்டினார். பளிச்சென்று வந்தது. பொட்டுத் தண்ணீர் இல்லை.

போன் அடித்தது. முதலாளி.

“எங்கய்யா இருக்க?”

“சர்வர் ரூம்லதான் சார்! இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரல.”

“புளுகாத. நானும் சர்வர் ரூம்லதான் நிக்கறேன். வரைபடமெல்லாம் ஜம்முனு திறக்குது, உன்னைத்தான் காணோம்.”

எதற்கும் இருக்கட்டும் என்று குளத்தார் ரேக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். முதலாளி இல்லை.

வாசலில் அந்தப் பெண் நகராமல் நின்றாள்.

“உங்க ஆபீஸ் டிஸ்க்கைக் கழட்டிக்கிட்டு, பழைய மெஷினோட இந்த இடத்தையும் எங்க பல் ஆஸ்பத்திரிக்கு வித்துட்டு மேல் மாடிக்குப் போய் ஒரு வாரமாச்சு சார், போறதுதான் போறீங்க, மரத்துப்போன வாயைத் திறந்துக்கிட்டு நாற்காலியில படுத்திருக்காரே, அவருக்கு எந்தப் பல்லைப் பிடுங்கணும்னு சொல்லிட்டுப் போங்க!”