நேரடி ஒளிபரப்பில் விளம்பரத்தை ஓட்டியவன்

பாடத் தெரியாதவர்கள் உலகத்தில் நிறையப் பேர். எனக்குப் பாட்டுக் கேட்கவே தெரியாது. சுருதி சேர்ந்திருக்கிறதா, பிசகியிருக்கிறதா என்பதைப் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொள்வேன். இப்பேர்ப்பட்ட நான்தான், ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப்போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்க ஊரைக் கூட்டி, டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டில் விருந்து வைத்தேன்.

எல்லாம் நான் காதலித்த நிரோஷாவுக்காக. அவளுடைய அப்பா தேவாலயப் பாடகர் குழுவின் தலைவர். யாராவது சுரம் தவறினால் பூசையின் நடுவிலேயே திரும்பி முறைக்கிற மனிதர். அவர் சம்மதித்தால்தான் கல்யாணம்.

"அப்பா சீதனம், சாதகம் ஒண்டும் பாக்க மாட்டார்," என்றாள் நிரோஷா. "ஆளுக்குக் காது இருக்கோ எண்டுதான் பாப்பார்."

"எனக்கு ரெண்டு இருக்கு," என்றேன். (அந்த வயதில் இதை நகைச்சுவை என்று நினைத்திருந்தேன்.)

நான் போட்ட கணக்கு இதுதான். முன்பின் தெரியாத மொழிகளில் பாடுகிற போட்டி. என்ன அளந்தாலும் அவளுடைய அப்பாவுக்கு, அதாவது அங்கிளுக்கு, சரி பிழை தெரியாது. ஐரோப்பாவில் இரவு என்றால், கடலுக்கு இந்தப் பக்கம் எங்களுக்குப் பிற்பகல். ஆகவே சனிக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்னேன்.

மூன்று மணிக்கு வீட்டில் இருந்தது நானும் அம்மாவும் அம்மா பொரித்த றோல்ஸும். நம்மவர்களின் நேரம் தெரிந்தவன் என்பதால் ரெக்கோர்டிங்கைப் போட்டுவிட்டு, தனியாக இருந்து முழுவதையும் பார்த்தேன். கடைசியில் ஒரு தாடிக்காரர் வென்று, அழுது, கோப்பையைத் தூக்கி, அதையும் காட்டி முடித்த பிறகுதான் கதவு தட்டப்பட்டது. அங்கிள், நிரோஷா, பின்னால் பாடகர் குழுவில் பாதி.

"லேற்றாப் போச்சோ தம்பி?"

வீடு தேடி வந்தவர்களிடம் முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? "இல்லை அங்கிள், இப்பதான் தொடங்குது," என்று சொல்லி ரெக்கோர்டிங்கை ஓடவிட்டேன்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சனி நாக்கில் இருந்தது. முதல் பாடகி வந்ததுமே, "பிள்ளை நல்லாத்தான் பாடும். ஆனா உச்சத்துக்குப் போகேக்கை கொஞ்சம் பிசகும்," என்றேன். பிசகியது. வர்ணனையாளரும் அதையே சொன்னார். (அவர் சொல்லித்தானே எனக்கே தெரியும்!) அங்கிள் என்னைத் திரும்பிப் பார்த்தார். பூசையில் முறைக்கிற பார்வை அல்ல, வேறொரு பார்வை.

அந்தப் பார்வை எனக்குத் தலைக்கேறிவிட்டது. இவருக்கு மூச்சுப் போதாது, அவருக்குத் தாளம் ஓடும், இந்தக் கிழவர் மேடையில் சறுக்குவார் என்று அடுக்கினேன். கிழவர் சறுக்கினார். தாடிக்காரர் வந்ததும் எழுந்து நின்று, "எழுதி வையுங்கோ, வெல்லப்போறது உவன்தான்!" என்றேன்.

"பிள்ளை, உவருக்குக் காது இருக்கு," என்றார் அங்கிள் நிரோஷாவிடம். அவள் வெட்கப்பட்டாள். கல்யாண மண்டபத்துக்கு எந்த நிறத்தில் திரைச்சீலை என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.

அப்போது விளம்பரம் வந்தது. குசினியில் றோல்ஸ் பொரித்துக்கொண்டே அம்மா, "தம்பி, உந்த விளம்பரத்தை ஓட்டிவிடன்! எத்தினை தரம் பாக்கிறது?" என்றா.

அம்மா சொல் தட்டாத பிள்ளை நான். றிமோட்டை எடுத்தேன், வேகமாக முன்னால் ஓட்டினேன். விளம்பரங்கள் பறந்தன. அடுத்த பாட்டு தொடங்கியது. பாடகர் குழு முழுவதும் என் கையிலிருந்த றிமோட்டைப் பார்த்தது.

"தம்பி," என்றார் அங்கிள் மெதுவாக. "நேரடி நிகழ்ச்சியில நீர் எப்பிடி விளம்பரத்தை ஓட்டினனீர்?"

றிமோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

நிரோஷா கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அங்கிள் டிவியைக் காட்டினார். "சரி, இப்ப பாடுற உந்தப் பிள்ளை சுருதியில நிக்குதோ, இல்லையோ? சொல்லும் பாப்பம்."

நான் பழக்கப்படி அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன.

"தெரியாது அங்கிள். எனக்குச் சுருதியும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. பின்னேரம் முழுக்கத் தனிய இருந்து பாத்தனான். ஒண்டும் விளங்கேல்லை. நிரோஷாவைக் கட்டோணும், அதுதான்..."

அங்கிள் ஒரு றோல்ஸை எடுத்து முழுவதையும் மென்று விழுங்கினார். "ஒண்டும் விளங்காமலோ முழுக்கப் பாத்தனீர்?"

"ஓம்."

"என்ர பாட்டுக்குழுவில இருக்கிறவைக்கும் உந்தப் பொறுமை இல்லை," என்றவர் சிரிக்கத் தொடங்கினார். பாடகர் குழுவும் சேர்ந்து சிரித்தது, சுருதியோடு என்றுதான் நினைக்கிறேன்.

கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து மாமாவாகிவிட்ட அங்கிள் என்னைத் 'தீர்க்கதரிசி' என்றுதான் கூப்பிடுகிறார். கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பூசைக்கு ஆள் போதாதபோது என்னையும் குழுவின் கடைசி வரிசையில் நிறுத்தினார்.

"சத்தம் வேண்டாம், வாயை மட்டும் அசையும். ரெக்கோர்டிங்கை நேரடி எண்டு காட்டுறது உமக்குப் புதுசில்லையே."

வருடா வருடம் உருக்கமாக அசைக்கிறேன். போன நத்தாருக்கு, குழு மிக மெதுவாகப் பாடிய இடத்தில், முன்வரிசை வாங்கில் இருந்த என் மகள் எழுந்து கத்தினாள்:

"அப்பா, யூ ஆர் ஒன் மியூட்! சத்தமே வரேல்லை!"

மாமா திரும்பி முறைத்தார். என்னை அல்ல, அவளை. சத்தமே போடாததால் சுருதி பிசகாமல் நின்றவன் நான்தானே!