காது கொடுக்கும் அரசு

மக்களின் பேச்சுக்குக் காது கொடுக்கும் அரசு உலகத்தில் அபூர்வம். ஓட்டுக் கேட்டுப் பதவிக்கு வந்ததுமே பெரும்பாலான அரசுகள் காதைப் பொத்திக்கொள்ளும். இந்த அரசு அப்படியல்ல. பதவிக்கு வந்த பிறகும் ஓயாமல் ஒட்டுக் கேட்டது.

இந்தப் பொதுத்தொண்டு ஊருக்குத் தெரியவில்லையே என்று வருந்திய ஒரே ஜீவன், ஒரு நாளிதழின் பெண் நிருபர். ஊரார் தொலைபேசிகளையெல்லாம் 'பாதுகாப்புத் துறை' கேட்கிறது என்று, அங்கே வேலை பார்க்கும் ஒருவர் பூங்காவில் வைத்து அவளிடம் சொல்லியிருந்தார். செய்தியை எழுதிவிட்டு ஆசிரியருக்குப் போன் போட்டாள்.

"ஒருத்தர் சொன்னதை நம்பிப் போட முடியாதும்மா. துறையில இன்னொருத்தரும் சொல்லணும்" என்றார் அவர்.

மறுநாளே துறையிலிருந்து அழைப்பு. நேரில் வரச் சொன்னார்கள்.

"எதுக்கும் பல் பிரஷ்ஷை எடுத்து வச்சுக்கோ" என்று தைரியம் சொல்லி அனுப்பினார் கணவர்.

மேலதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். மேசையில் இரண்டு கோப்பைத் தேநீர். அவளுடையதில் சர்க்கரை இல்லை.

"நீங்கதான் போன வாரம் சர்க்கரையை விட்டுட்டீங்களே" என்றார் பரிவோடு. அவள் அதைப் போனில் அக்காவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"உங்க செய்தி அபாண்டம். நாங்க யார் பேச்சையும் கேக்கறதில்ல."

"அது இன்னும் அச்சாகவே இல்லையே சார்?"

"ஆகக் கூடாதுன்னுதானே கூப்பிட்டேன்! தேசத்தோட பாதுகாப்பும்மா. அதுவும் அந்தத் தலைப்பு... ஆசிரியர் சொன்னதுதான் எடுப்பா இருந்துச்சு. நீங்க எதுக்குப் பிடிவாதம் பிடிச்சீங்க?"

சட்டென்று அவர் குரல் இறுகியது. "உங்ககிட்ட சொன்னது யாரு? பேரைச் சொல்லலேன்னா உள்ளே போட வேண்டியிருக்கும்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேரைக் கேட்கிறார் என்றால் பேர் தெரியவில்லை. பூங்கா பெஞ்சுக்கு இன்னும் காது முளைக்கவில்லை!

"பேரைச் சொல்ல மாட்டேன் சார். ஆனா ஒருத்தர்தான் சொன்னார். இன்னொருத்தரும் சொன்னாத்தான் போடுவேன்னு எங்க ஆசிரியர்..."

"தெரியும், தெரியும். அதான் நானே கேட்டேனே!"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ரொம்ப நன்றி சார். அந்த இன்னொருத்தர் கிடைச்சுட்டார்."

செய்தி முதல் பக்கத்தில் வந்தது. நாடு கொதித்தது. அரசும் சளைக்காமல் அன்றே ஓர் உயர்மட்ட விசாரணைக் குழுவை அமைத்தது. சொன்னவர் யார், எழுதியவர் ஏன் எழுதினார், அச்சடிக்க மை விற்றவர் எவர், மக்கள் எந்தத் துணிச்சலில் படித்தார்கள் என்று குழு குடைந்து குடைந்து கேட்டது. நாட்டின் பேச்சையெல்லாம் கேட்டவர்களை, ஏன் கேட்டீர்கள் என்று கேட்கத்தான் அதற்கு அதிகாரம் இல்லையாம்.