இருபதாவது பிள்ளை

“கப்பல் கேன்சல் மேடம்,” என்றார் போனில் நல்லதம்பி.

வைஜெயந்தி வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றாள். துப்பிவிட்டு, “என்னது?” என்றாள்.

“முந்தாநாள் கிளம்ப வேண்டியது, இன்னும் கிளம்பலை. கடல் சரியில்லையாம், எனக்கு சிக்னலே இப்பத்தான் கிடைச்சுது. அடுத்த கப்பல் எப்பன்னு கேட்டா ‘மாலும் நஹி’, தெரியாதுங்கிறாங்க. பையன் பையை மாட்டிக்கிட்டு கப்பல் துறையிலயே உட்கார்ந்திருக்கான். வீட்டுக்கு வாடான்னா வர மாட்டேங்கிறான் மேடம்.”

“நீங்க கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கிறேன்.”

போர்ட் பிளேரில் இருந்துகொண்டு கடைக்கோடித் தீவிலிருக்கும் கேம்பல் பே கடலை அவள் என்னத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள்? வாய் அப்படிப் பழகிவிட்டது. ஆட்டிசம் பிள்ளைகளுக்கான மையத்தில் அட்மிஷன் அசிஸ்டென்ட் வேலை. அழுதுகொண்டே வருகிற தாய்மாரிடம் நாள் முழுக்க இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் இன்றைக்குக் கவலைப்பட வேண்டியவள் அவள்தான். மையத்துக்குப் பணம் தருகிற மெயின்லேண்ட் அறக்கட்டளையிலிருந்து டாக்டர் சுதா காலை விமானத்தில் வருகிறார். மாலை விமானத்தில் போய்விடுவார். இருபது பிள்ளைகள் இருந்தால் மையம் தொடரும், இல்லாவிட்டால் பூட்டு. இருப்பது பத்தொன்பது. நல்லதம்பியின் மகன்தான் இருபதாவது.

தீவில் பிள்ளைகளுக்கா பஞ்சம்? பஞ்சமெல்லாம் ஒத்துக்கொள்கிற அப்பாக்களுக்குத்தான். “எங்க வம்சத்துலயே கிடையாது” என்பதை அவள் தமிழிலும் இந்தியிலும் பெங்காலியிலும் கேட்டாகிவிட்டது. மையத்து போர்டைப் பார்த்தாலே ஆட்டோக்கள் தெருமுனையோடு திரும்பிப் போயின. சரி, வெட்கப்படுகிறார்கள் என்று போர்டைக் கழற்றினார்கள். அதற்கப்புறம் வர நினைத்தவர்களுக்கும் மையம் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் போனது.

மறுபடி போன். மையத்தின் டைரக்டர் தேவேந்திரன், ஏர்போர்ட்டிலிருந்து.

“வைஜெயந்தி, கேம்பல் பே பிள்ளை வந்தாச்சா?”

‘இல்லை சார்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். “வந்தாச்சு சார்” என்று வந்தது.

“வெரி குட்! அவ்வளவு தூரம் கப்பல்ல வந்த பிள்ளைன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். அவங்களுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. மத்த பிள்ளைங்க அப்புறம், முதல்ல அதைத்தான் பார்க்கணுங்கிறாங்க.”

விடிந்தது போ. வீடியோ காலிலாவது பையனைக் காட்டலாம் என்று நல்லதம்பியைத் திரும்பக் கூப்பிட்டாள். கேம்பல் பேயில் சிக்னலும் கேன்சல். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு அகிலா தெரிந்தாள்.

அவள் குடியிருந்த பத்துபஸ்தியில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அகிலா வானத்தைப் பார்த்து நின்றாள். ஒன்பது வயது. நல்ல சூட்டிகை, வாய் ஓயாது. அவள் அம்மா ஜெயலட்சுமி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டோடு வைஜெயந்திக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு. கறிவேப்பிலை, குக்கர், ஒரு தடவை ஏணி. பிள்ளையைக் கேட்பது இதுதான் முதல்முறை.

“ஜெயா, அகிலாவை மதியம் வரைக்கும் கொடேன்.”

விஷயத்தை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். ஜெயலட்சுமி பிழிந்த சட்டையையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள்.

“அவர்கிட்ட கேக்கணும் அக்கா.”

அவர்தான் சுதாகர். கான்ட்ராக்ட் வேலை, கறாரான ஆள். உள்ளிருந்தே எல்லாம் கேட்டிருப்பார் போல, சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். குடிவந்த புதிதில் வைஜெயந்தி எங்கே வேலை செய்கிறாள் என்று பேச்சு வந்ததும், யாரும் கேட்காமலே, “அந்த மாதிரி கேஸெல்லாம் எங்க சைடுல கிடையாது மேடம்” என்று சொன்னவர். இப்போது என்ன பேச்சு வாங்கப் போகிறோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

“பொய்க்குத்தானே?” என்றார் சுதாகர்.

“சத்தியமா பொய்க்குத்தான். நம்ம அகிலாவுக்கு ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியாதா?”

“அப்ப டீக் ஹை. ஜெயா, நீயும் கூடப் போ. அவ காதுக்குப் பஞ்சு எடுத்துக்கோ, ஆட்டோ சத்தமா இருக்கும்.”

இவ்வளவு சுலபமாக முடிந்ததை நம்ப முடியாமல் வைஜெயந்தி ஆட்டோவில் ஏறினாள். போகிற வழியிலேயே பாடம் ஆரம்பித்தது.

“அகிலா கண்ணு, அங்க ஒரு டாக்டர் ஆன்ட்டி வருவாங்க. என்ன கேட்டாலும் பேசக் கூடாது. முகத்தைப் பார்க்கக் கூடாது. என்ன?”

“ஏன்?”

“சும்மா, ஒரு விளையாட்டு.”

“விளையாட்டுன்னா ஜெயிச்சது யாருன்னு எப்படித் தெரியும்?”

“பேசாம இருந்தா நீதான் ஜெயிச்ச.”

“எவ்வளவு நேரம் பேசாம இருந்தா?”

வைஜெயந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். மையத்தில் இத்தனை நாளாக அவள் பார்த்ததெல்லாம் பேசாத பிள்ளைகள், திரும்பிப் பார்க்காத பிள்ளைகள். ஆட்டிசம் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தாள். இந்த வாயாடியைக் கொண்டுபோய் எந்த டாக்டரை ஏமாற்றுவது? ஜெயலட்சுமியைப் பார்த்தாள். அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மையத்து வாசலில் தேவேந்திரன் நின்றார்.

“பையன்னுதானே சொன்னீங்க?”

“டைப் பண்றப்ப தப்பாயிடுச்சு சார்.”

“அரே, இதுல கூடவா? சரி, சீக்கிரம், டாக்டர் காத்திருக்காங்க.”

டாக்டர் சுதாவுக்கு அன்பான முகம். அது வைஜெயந்தியை இன்னும் கலங்கடித்தது. கோபக்கார டாக்டரை ஏமாற்றுவதில் ஒரு நியாயமாவது இருக்கும்.

“வாம்மா. கேம்பல் பேயில இருந்தா வந்தே? கப்பல் ரொம்ப ஆடிச்சா?”

அகிலா சுவரைப் பார்த்தாள். பேசவில்லை. அப்பாடா என்று வைஜெயந்தி மூச்சு விடுவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“கேம்பல் பே கப்பல் வரலை. இன்னிக்கும் கேன்சல், நேத்தும் கேன்சல். காலையில ரேடியோ கப்பல் நியூஸ்ல சொன்னாங்க. ஹேவ்லாக் கப்பல் உண்டு, நீல் கப்பல் உண்டு, ரங்கத் கப்பல் லேட்டு. சென்னைக் கப்பல் புதன்கிழமை. டிக்கெட் கவுன்ட்டர் ஒன்பது மணிக்குத் திறக்கும். உணவு இடைவேளை உண்டு. பயணிகள் அடையாள அட்டை கொண்டு வரணும்.”

“அகிலா!” என்றாள் வைஜெயந்தி.

“நான் பத்துபஸ்தி. இந்த ஆன்ட்டி பக்கத்து வீடு. பொய் சொல்றதுக்கு என்னைக் கூட்டிட்டு வந்தாங்க. பேசக் கூடாதுன்னாங்க. நான் பேசிட்டேன், தோத்துட்டேன். கல்கத்தாக் கப்பல் இன்னும் அறிவிக்கலை.”

தேவேந்திரன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டுக்கொள்ள மறந்துபோனார். வைஜெயந்திக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

“நீங்க ரெண்டு பேரும் வெளியில இருங்க,” என்றார் டாக்டர் சுதா. “அம்மா மட்டும் இருக்கட்டும்.”

கதவு சாத்திக்கொண்டது.

வைஜெயந்தி பெற்றோர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். எத்தனையோ பேரை அதில் உட்கார வைத்திருக்கிறாள். அது இவ்வளவு குறுகலான பெஞ்சு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. தேவேந்திரன் நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

“பத்தொன்பதுன்னு உண்மையைச் சொல்லியிருந்தா காலில விழுந்தாவது ஆறு மாசம் டைம் கேட்டிருப்பேன். இப்ப எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கேட்கிறது?”

“சாரி சார்.”

“போர்டைக் கழட்டுற செலவாவது மிச்சம். அது ஏற்கெனவே கழட்டியாச்சு.”

எதிர் அறையில் குணா மேசையில் மணிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஏழு வயதுவரை ஒரு வார்த்தை பேசாதவன். போன மாதம் சாப்பிடும்போது தட்டைத் தள்ளிவிட்டு “போதும்” என்றான். அவன் அம்மா சாதக் கரண்டியோடு மையம் முழுக்க ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னாள். மையத்தைப் பூட்டினால் குணா எங்கே போவான்? மெயின்லேண்டுக்குப் போக அவர்களுக்கு ஏது வழி? வேலை போனால் போகட்டும், எங்கேயாவது கடையில் பில் போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். அந்தப் பையனின் ‘போதும்’ தன்னால் போகப்போகிறதே என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கதவு திறந்தது. அகிலா வெளியே வந்து, மணிகளைப் பார்த்ததும் நேரே எதிர் அறைக்குள் போனாள்.

“உள்ள வாங்க,” என்றார் டாக்டர் சுதா. “நீங்க பண்ணது பெரிய தப்பு. அதை ரிப்போர்ட்ல எழுதத்தான் போறேன்.”

“எழுதுங்க மேடம்.”

“ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. இந்தப் பொண்ணுக்கு ஏன் இன்னும் அட்மிஷன் போடலை?”

வைஜெயந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மேடம், அவளுக்கு ஒண்ணும் கிடையாது. அவ இரவல் பிள்ளை!”

“மிக்ஸி சத்தம் கேட்டா கையைக் கடிச்சுக்கிறா. வெள்ளைச் சாதம், இட்லி, பால் தவிர எதையும் தொட மாட்டா. ஸ்கூல்ல ஒரு பிள்ளை கூட இவளோட சேர்றதில்லை. இடைவேளை முழுக்கத் தனியா நின்னு கப்பல் நியூஸ் சொல்லிட்டிருக்கா. பேசாத பிள்ளைக்கு மட்டும்தான் ஆட்டிசம் வரும்னு யாரு சொன்னது? முழுசா டெஸ்ட் பண்ணித்தான் முடிவு சொல்லணும். ஆனா இவ இங்க வந்திருக்க வேண்டிய பிள்ளை. எப்பவோ வந்திருக்கணும்.”

வைஜெயந்தி ஜெயலட்சுமியைப் பார்த்தாள். கறிவேப்பிலை கொடுத்து வாங்கிய இத்தனை நாளில் இதில் ஒன்றுகூடத் தன் கண்ணில் படவில்லையே என்று அவமானமாக இருந்தது.

“எனக்குத் தெரியும் அக்கா,” என்றாள் ஜெயலட்சுமி. கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. “அவர்கிட்ட வாயைத் திறக்க முடியாது. திறந்தா ரெண்டு நாள் சாப்பிட மாட்டாரு. நீங்க பொய்க்குன்னு கேட்டீங்க பாருங்க, அதனாலதான் விட்டாரு. நிஜம்னு சொல்லியிருந்தா வாசப்படி தாண்ட விட்டிருக்க மாட்டாரு.”

“இவளைச் சேர்த்தா இருபது ஆயிடும்,” என்றார் தேவேந்திரன் மெதுவாக. உடனே அவர் முகம் வாடியது. “அப்பாவும் கையெழுத்துப் போடணுமே.”

அந்த விதி அறக்கட்டளை போட்டதல்ல, அவர்களே போட்டது. முன்பு ஒரு அப்பா, தன்னைக் கேட்காமல் பையனைச் சேர்த்துவிட்டார்கள் என்று வந்து நாற்காலியைத் தூக்கி அடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு, ‘இனிமே அப்பா கையெழுத்து இல்லாம அட்மிஷனே கிடையாது சார்’ என்று யோசனை சொன்ன மகராசி வைஜெயந்திதான்.

“கூப்பிடுங்க,” என்றார் டாக்டர். “மத்த பிள்ளைங்களையும் பார்த்துட்டு நான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பணும்.”

ஜெயலட்சுமி பதறினாள். “நிஜம்னு சொல்லாதீங்க அக்கா! கதவைச் சாத்திக்குவாரு. வீட்டையே காலி பண்ணிடுவாரு.”

வைஜெயந்தி நம்பரை அழுத்தினாள்.

“சுதாகர், ஒரு கையெழுத்துப் போடணும். அதுவும்... அதுவும் பொய்க்குத்தான்.”

“வரேன் மேடம்.”

போனை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் ஆள் வாசலில் நின்றார். எங்கோ வேலைக்குப் போனவர் இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தார் என்று யோசிக்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. நேராக மேசைக்கு வந்தார்.

“எங்க போடணும்?”

தேவேந்திரன் பேனாவை நீட்டினார். போடட்டும், பேசாமல் இரு என்று கண்ணாலேயே வைஜெயந்தியைக் கெஞ்சினார். ஜெயலட்சுமியும் அப்படித்தான் பார்த்தாள். வைஜெயந்தியும் பேசாமல்தான் இருந்திருப்பாள். ஆனால் காலையிலிருந்து சொன்ன பொய்யெல்லாம் போதும் என்றிருந்தது.

“போடாதீங்க சுதாகர். இது பொய்யில்லை.”

தேவேந்திரன் கண்ணை மூடிக்கொண்டார்.

“டாக்டர் அகிலாவைப் பார்த்தாங்க. அவ நிஜமாவே இங்க வர வேண்டிய பிள்ளை. தினமும் வரணும். எனக்கும் தெரியலை, இப்பத்தான் தெரிஞ்சது. உங்களுக்குக் கோபம் வரும். நாற்காலியைத் தூக்கி அடிக்கணும்னா அடிங்க. இன்னொரு பொய் சொல்லி உங்ககிட்ட கையெழுத்து வாங்க என்னால முடியலை.”

போச்சு, எல்லாம் போச்சு. இருபதும் போச்சு, பத்தொன்பதும் போச்சு, பக்கத்து வீட்டு உறவும் போச்சு.

சுதாகர் எதிர் அறையைப் பார்த்தார். அங்கே அகிலா குணாவுக்குக் கப்பல் நியூஸ் சொல்லிக்கொண்டிருந்தாள். குணா ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு மணியை எடுத்து வரிசையில் வைத்தான். அவள் பேசப் பேச எழுந்து போகாமல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதை அந்த அப்பா அன்றைக்குத்தான் பார்த்தார்.

குனிந்தார். நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சிப்பிகாட்ல சொந்த வீட்டைப் பூட்டிப் போட்டுட்டு உங்க பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்ததே, என்னைக்காவது ஒரு நாள் நீங்களா வந்து அவளைக் கூப்பிடுவீங்கன்னுதான் மேடம்,” என்றார் சுதாகர்.